மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகும் எஞ்சியிருந்த 350 வோல்ட்

லீனியர் (ரேடியோ சிக்னலின் பலத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) கட்ட ஆசைப்படும் ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துபவர்கள், பெரும்பாலும் வால்வில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கையில் ஒரு 3-500இசட் வால்வு வந்து சேர்ந்தது. அதற்கு 3,000 வோல்ட் வேண்டும், கீயை அழுத்திப் பிடிக்கும்போது 400 மில்லிஆம்பியர் வேண்டும். அதைத் தரும் ஒரு பெட்டிதான் பவர் சப்ளை என்று நினைத்துக்கொண்டேன். வால்வின் வெளியீட்டை அலைவரிசைக்கு இசைக்கும் டாங்க் சர்க்யூட்டுக்கு வாரக்கணக்கில் கணக்குப் போட்ட நான், பவர் சப்ளையை ஒரே நாளில் வரைந்து முடித்துவிட்டேன். இன்று அதே வால்வும் அதே டாங்க் சர்க்யூட்டும் என்னிடம் இருக்கின்றன. பவர் சப்ளையை மட்டும் அடியோடு பிரித்து, வேறு மாதிரி கட்டியிருக்கிறேன்.

முதல் சர்க்யூட் இதுதான். ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி 2,200 வோல்ட். ஏசியை டிசியாக்க டயோடுகளால் ஆன பிரிட்ஜ் ரெக்டிஃபையர். அதன் பின்னால் 220 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் எட்டு, சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றின் குறுக்கேயும், நிறுத்தியபின் மின்னூட்டத்தை வடிக்கும் பிளீடராக 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 2,200-ஐ 1.414-ஆல் பெருக்கினால் உச்சம் 3,111 வோல்ட். எட்டு கெபாசிட்டர்களும் சேர்ந்து 3,600 வோல்ட் தாங்கும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக ஓடவும் செய்தது.

ஒரு நாள் இரவு பேண்டில் பேசிக்கொண்டிருந்தபோது பெட்டியிலிருந்து காரமான ஒரு வாடை வந்தது. உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஹெச்.டி. எனப்படும் உயர் வோல்டேஜைக் காட்டும் மீட்டரின் ஊசி அடிக்கு வராமல் 400 வோல்ட் பக்கத்தில் நின்றது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, குச்சியால் தொட்டால் போய்விடும் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து, எர்த் குச்சியால் ஹெச்.டி. முனையைத் தொட்டேன். சின்னதாக ஒரு பொறி பறந்தது. ஊசி பூஜ்யத்துக்குப் போனது. குச்சியை எடுத்து ஓரமாக வைத்தேன். மூன்றாவது கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. சூடு இருக்கிறதா என்று பார்க்க விரல் வைத்தேன். கட்டைவிரல் ஒரு திருகிலும் ஆள்காட்டி விரல் இன்னொரு திருகிலும் பட்டன.

கை தெறித்துப் பின்னால் போனது. இரண்டு விரல் நுனிகளிலும் வெள்ளையாக இரண்டு தீக்காயங்கள். அவ்வளவோடு தப்பித்ததற்கு ஒரே காரணம், இடது கை கால்சட்டைப் பையில் இருந்ததுதான். மின்சாரம் ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு இடையில் மட்டும் ஓடியது; மார்பைக் கடக்கவில்லை. எனக்கு ஹாம் ரேடியோ கற்றுத்தந்த மூத்தவர் ஒருவர் உண்டு. சார் என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், "தம்பி, ஒரு கை பையில இருக்கணும்" என்பார். பல வருடம் கேட்டுக் கேட்டு அது பழக்கமாகியிருந்தது. அந்தப் பழக்கம் அன்று என்னைக் காப்பாற்றியது.

மீட்டர் பூஜ்யம் காட்டியது, முனைகளைக் குறுக்கியும் (நேராக இணைத்து ஷார்ட் செய்தும்) ஆயிற்று. பிறகு எங்கிருந்து வந்தது அந்த ஷாக்? இரண்டு நாள் கழித்து சாருடன் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த மூன்றாவது கெபாசிட்டரின் பிளீடர் உள்ளே அறுந்து போயிருந்தது. ஸ்விட்சை நிறுத்தியதும் மற்ற ஏழும் தத்தம் ரெசிஸ்டர் வழியே காலியாகிவிட்டன. இது மட்டும் காலியாகவில்லை. மீட்டரின் 5 மெகாஓம் வழியே மட்டும்தான் அதற்கு வடிகால், அதன் கால மாறிலி, அதாவது வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்க ஆகும் நேரம், ஏறத்தாழ 20 நிமிடம். ஆகவே ஊசி காட்டிய 400 வோல்ட் முழுவதும் அந்த ஒரே கெபாசிட்டரில் இருந்தது.

இப்போது முனைகளைக் குறுக்கினால் என்ன நடக்கும்? சீரிஸில் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னூட்டம்தான் ஓட முடியும். எட்டும் ஒரே மதிப்பு என்பதால் ஒவ்வொன்றின் வோல்டேஜும் 50 வோல்ட் மாறும். நிறைந்திருந்தது 400-லிருந்து 350-க்கு இறங்கும். காலியாக இருந்த ஏழும் தலைகீழாக 50 வோல்ட் ஏறும். ஏழு ஐம்பது 350. எதிரும் புதிருமாகக் கூட்டினால் பூஜ்யம். மீட்டர் காட்டியது உண்மைதான். முனைகளுக்கு இடையே பூஜ்யம், நடுவில் ஒரு கெபாசிட்டரில் 350 வோல்ட்.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வருடக்கணக்கில் வால்வுகளோடு பழகியவர்கள் பலருக்கும் இது புதிதாகவே இருக்கிறது. சீரிஸ் கெபாசிட்டர்கள் உள்ள பெட்டியில் முனைகளைக் குறுக்குவது போதாது. ஒவ்வொரு கெபாசிட்டரையும் தனித்தனியாகக் குறுக்க வேண்டும். அதன் பிறகு முனைகளைக் குறுக்கிய கிளிப் வேலை முடியும்வரை அங்கேயே தொங்க வேண்டும்.

குச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் கம்பியால் நேராகக் குறுக்குவது கூடாது. அந்த எட்டு கெபாசிட்டர்களும் சேர்ந்தால் 27.5 மைக்ரோஃபாரட். 3,111 வோல்ட்டில் அதில் தேங்குவது 133 ஜூல். நின்றுபோகும் நிலையில் உள்ள இதயத்தை மீட்க டிஃபிபிரில்லேட்டர் தருவதும் ஏறத்தாழ இந்த அளவுதான், 120 முதல் 200 ஜூல் வரை. அதை நேராகக் குறுக்கினால் உலோகம் உருகித் தெறிக்கும், கெபாசிட்டரின் உள் இணைப்பும் கெடும். என் குச்சியில் இப்போது இரண்டு கொக்கிகள். ஒன்றில் 1 கிலோஓம் வயர்வூண்ட் ரெசிஸ்டர் இருக்கிறது, அதால்தான் முதலில் தொடுவேன். அடுத்தது நேரடிக் கொக்கி. குச்சியின் மறுமுனைக் கம்பி, பெட்டியின் உலோக உடலான சேஸிஸில் திருகி முறுக்கப்பட்டிருக்கிறது. கிளிப் போட்டால் கழன்றுவிடலாம், ஆகவே திருகு. ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் தனியாக, இரண்டு முனையிலும் தொடும்படி ரெசிஸ்டருடன் ஒரு சிறு கவட்டைக் குச்சியும் வைத்திருக்கிறேன்.

பிளீடர் ஏன் அறுந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. ஒவ்வொரு கெபாசிட்டரிலும் 389 வோல்ட். 100 கிலோஓமில் அது 1.5 வாட் சூடாகிறது. 2 வாட் ரெசிஸ்டர்தானே, தாங்கும் என்று போட்டிருந்தேன். ஆனால் அந்த 2 வாட் கணக்கு, ரெசிஸ்டரைச் சுற்றிக் காற்று தாராளமாக இருக்கும்போது. நான் அவற்றைக் கெபாசிட்டர்களின் இடுக்கில் அழுத்தி வைத்திருந்தேன். சூடு ரெசிஸ்டரையும் வாட்டியது, பக்கத்தில் இருந்த கெபாசிட்டரையும் உலர்த்தியது. ரெசிஸ்டர்களுக்கு வாட் போலவே வோல்டேஜ் வரம்பும் உண்டு என்பதை அப்போது நான் பார்க்கவே இல்லை. சாதாரண கால் வாட் ரெசிஸ்டருக்கு அது பொதுவாக 250 வோல்ட்தான்.

பிளீடர் அறுந்தால் காலியாகாது என்பது ஒரு பக்கம். ஓடும்போதே அது வேறொரு கேட்டையும் செய்கிறது. வோல்டேஜைச் சமமாகப் பங்கிடுவதும் அதே ரெசிஸ்டர்தான். ஒன்று அறுந்தால் அந்தக் கெபாசிட்டரின் பங்கு 450-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், அதன் கசிவு மின்னோட்டம் மற்றவற்றுக்கு ஈடாகும்வரை. தலை உப்பியதும் வாடை வந்ததும் அதனால்தான்.

மறுபடி கட்டியபோது 330 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெபாசிட்டர்கள் பத்து போட்டேன். வீட்டு மின்சாரம் 10% ஏறினாலும் ஒவ்வொன்றுக்கும் 342 வோல்ட்தான் வரும். பழைய எட்டில் அது 428 ஆகியிருக்கும். அதை இன்று பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றின் குறுக்கேயும் 47 கிலோஓம், 3 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு சீரிஸில். ஒரு ரெசிஸ்டருக்கு 155 வோல்ட், அரை வாட். பலகையிலிருந்து தூக்கி, கெபாசிட்டர்களிலிருந்து தள்ளி, ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தேன். நிறுத்தியபின் இரண்டரை நிமிடத்தில் 3,111 வோல்ட் 21-க்கு இறங்குகிறது. ஆனால் தேங்கும் ஆற்றல் 160 ஜூலாகக் கூடிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கெபாசிட்டரின் மதிப்பு கூடினால், மின்னோட்டம் ஏறும்போது வோல்டேஜ் தொய்வது குறையும், வோல்டேஜின் அலைவும் குறையும்; ஆபத்து கூடும். எனக்கு 33 மைக்ரோஃபாரட் போதும் என்று பட்டது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 400 மில்லிஆம்பியர் இழுக்கும்போது அலைவு உச்சியிலிருந்து பள்ளம் வரை சுமார் 120 வோல்ட். குரலில் ஹம் கேட்பதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் அலுமினிய உடல் அதன் எதிர்முனையோடு (மைனஸ்) உள்ளுக்குள் தொடர்புடையது. சீரிஸில் பத்தாவது கெபாசிட்டரின் உடல் 2,800 வோல்ட்டில் நிற்கிறது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையை நம்பி உலோகக் கிளாம்ப் போட்டு சேஸிஸில் இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் பத்தையும் இரண்டு அக்ரிலிக் பலகைகளுக்கு நடுவில் நிறுத்தி, சேஸிஸிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைத்திருக்கிறேன்.

ட்ரான்ஸ்ஃபார்மரிலும் எனக்கு ஒரு தவறு நடந்தது. 400 மில்லிஆம்பியர் டிசி வேண்டும் என்றால் செகண்டரியும் 400 மில்லிஆம்பியர் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். கெபாசிட்டர் நேராக ரெக்டிஃபையரின் பின்னால் இருந்தால், டயோடுகள் அலையின் உச்சியில் மட்டும் சற்று நேரம் கடத்தும். அந்தச் சிறு நேரத்தில் பெரிய மின்னோட்டம் பாயும். கம்பியைச் சூடாக்குவது அந்த மின்னோட்டத்தின் ஆர்எம்எஸ் மதிப்பு. பிரிட்ஜில் அது டிசியைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு, வோல்டேஜை இரட்டிக்கும் டப்ளர் சர்க்யூட்டில் மூன்றரை மடங்கு. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது 700 மில்லிஆம்பியர் கம்பி. பேச்சில் சராசரி குறைவு என்பதால் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொண்டது. கீயை அழுத்தி ட்யூன் செய்தபோதெல்லாம் தொட முடியாத சூடு. டப்ளர் மோசமான சர்க்யூட் இல்லை. செகண்டரி வோல்டேஜ் பாதியாக இருப்பதால் சுற்றுகளுக்கு இடையே இன்சுலேஷன் சுலபம், பல தொழிற்சாலை லீனியர்களில் அதுதான் இருக்கிறது. கம்பியின் தடிமனை மட்டும் சரியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பின் ட்ரான்ஸ்ஃபார்மரைப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அதன் செகண்டரியின் ஒரு முனை கோரோடு (நடுவிலுள்ள இரும்போடு) இணைந்திருக்கிறது, ஆகவே பிரிட்ஜுக்கு அப்படியே உதவாது. கோரும் காந்தச் செறிவு நிலைக்கு மிக அருகில் ஓடும்படி செய்யப்பட்டது. சும்மா இருக்கும்போதே சூடாகும்.

டயோடுகளுக்கு வருவோம். பிரிட்ஜின் ஒவ்வொரு கையும் 3,111 வோல்ட் தலைகீழ் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 1,000 வோல்ட் தாங்கும் 1என்5408 நான்கு போட்டால் கணக்குக்குச் சரி. மின்னல் நாளில் மெயினில் வரும் தாவலுக்கு அது பற்றாது. கைக்கு ஆறு போட்டேன். பழைய கையேடுகளில் ஒவ்வொரு டயோடின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு சிறு கெபாசிட்டரும் வரைந்திருப்பார்கள். இன்றைய டயோடுகளை ஒரே தொகுப்பிலிருந்து எடுத்தால் அவை இல்லாமலே ஓடுகின்றன, நான் போடவில்லை.

சாரின் பவர் சப்ளை வேறு காலத்தைச் சேர்ந்தது. அதில் இரண்டு 866ஏ பாதரச ஆவி ரெக்டிஃபையர்கள். உள்ளே சூடாகும் இழையான ஃபிலமென்ட்டைப் போட்டு 30 விநாடி பாதரசம் ஆவியாகும்வரை காத்திருந்துதான் ஹெச்.டி.யைப் போட வேண்டும். அவர் பேசப் பேச அந்த நீல ஒளி கூடிக் குறையும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதன் பின்னால் சோக் எனப்படும் ஒரு பெரிய கம்பிச் சுருள். சோக் முன்னால் நிற்கும் ஃபில்டரில் கிடைப்பது செகண்டரியின் 0.9 பங்கு வோல்டேஜ்தான், ஆனால் சுமை ஏறினாலும் அசையாமல் நிற்கும். ஒரு நிபந்தனை: எப்போதும் கொஞ்சமாவது மின்னோட்டம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜ் உச்சத்துக்குத் தாவிவிடும். அவருடைய பிளீடர் முறம் அளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது பெரிய விபத்து, பிளேட் சோக்கின் அடியில், ஹெச்.டி.க்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருந்த பைபாஸ் செராமிக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனபோது நடந்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பிளேட் மீட்டர், கிரிட் மீட்டர், இரண்டின் குறுக்கே இருந்த ஷன்ட் ரெசிஸ்டர்கள், எல்லாம் ஒரே கணத்தில் போயின. காரணத்தைப் பிறகு தேடினேன். மீட்டருக்காக ஹெச்.டி.யின் எதிர்முனையை சேஸிஸிலிருந்து ஒரு சிறு ரெசிஸ்டரால் பிரித்து வைத்திருந்தேன். இது வழக்கமான முறைதான். ஆனால் ஹெச்.டி. நேர்முனை சேஸிஸில் ஷார்ட் ஆனால், மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு ரெசிஸ்டர் வழியேதான் திரும்ப வேண்டும். ரெசிஸ்டர் எரிந்த நொடியில் எதிர்முனைக் கம்பி மைனஸ் 3,000 வோல்ட்டுக்குப் போய்விடுகிறது. முன்பலகை மீட்டர்கள் எல்லாம் அந்தக் கம்பியில்தான் தொங்குகின்றன.

இதற்கு வைத்தியம் எளிது. நேர்முனையில் 25 ஓம் வயர்வூண்ட் ரெசிஸ்டர் ஒன்று. சாதாரண நாளில் அதில் 10 வோல்ட் விழும், 4 வாட் சூடாகும். ஷார்ட் ஆகும் நாளில் மின்னோட்டத்தை 124 ஆம்பியருக்கு மேல் விடாது, ஒரு மில்லிவிநாடிக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். அந்தக் கணத்தில் 3,000 வோல்ட் முழுவதும் அதன் இரு முனைகளுக்கு இடையே நிற்கும், ஆகவே குட்டையான ரெசிஸ்டர் வேண்டாம்; நீளமானதாக 50 வாட் ஒன்று போட்டேன். எதிர்முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் எதிரெதிராக இரண்டு 1என்5408. அது 200 ஆம்பியர் தாவலை அரைச் சுழற்சி நேரம் தாங்கும். கூடவே மைக்ரோவேவ் அடுப்பில் வரும் 5 கிலோவோல்ட் ஃபியூஸ். சாதாரண கண்ணாடி ஃபியூஸ் உருகினாலும் உள்ளே வில் எரிந்துகொண்டே இருக்கும், இந்த வோல்டேஜில் அது பயன்படாது.

என் பவர் சப்ளையும் ஆம்ப்ளிஃபையரும் தனித்தனிப் பெட்டிகள். இரண்டு சேஸிஸையும் தடித்த பின்னல் கம்பியால் இணைக்கிறேன். கட்டும்போது அதுதான் முதலில், கழற்றும்போது அதுதான் கடைசியில். எதிர்முனைக்குத் தனிக் கம்பி. ஹெச்.டி. கம்பிக்கு ஆர்ஜி-213 கோஆக்ஸின் பின்னலை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் கம்பியைப் பயன்படுத்துகிறேன். சூடான பாகங்களிலிருந்து தள்ளி ஓட்ட வேண்டும், உருகும்.

ஸ்விட்ச் போட்டதும் காலிக் கெபாசிட்டர்கள் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். அதற்காக ட்ரான்ஸ்ஃபார்மரின் மெயின் பக்கமான பிரைமரியில் 25 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதைக் குறுக்கிவிட ரிலே ஒன்றும் வைப்பார்கள். முதலில் நான் இரண்டு விநாடி டைமர் வைத்திருந்தேன். உள்ளே ஷார்ட் இருந்தாலும் டைமர் கண்ணை மூடிக்கொண்டு ரிலேயை மூடிவிடும். இப்போது ரிலேயின் காயிலை ரெசிஸ்டருக்குப் பின்னால், பிரைமரியின் குறுக்கே கட்டிவிட்டேன். கெபாசிட்டர்கள் நிரம்பி பிரைமரி வோல்டேஜ் ஏறினால்தான் ரிலே இழுக்கும். ஷார்ட் இருந்தால் இழுக்கவே இழுக்காது. டைமரை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது, பாகங்களும் குறைவு.

ஃபிலமென்ட் சப்ளையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 3-500இசட்டுக்கு 5 வோல்ட், 14.5 ஆம்பியர், 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். என் ட்ரான்ஸ்ஃபார்மரின் முனையில் சரியாக 5.0 இருந்தது. சாக்கெட்டின் காலில் அளந்தால் 4.7. எண்பது சென்டிமீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தேன். போகவர அந்தக் கம்பியே கால் வோல்ட்டுக்கு மேல் தின்றுவிட்டது. 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியதும் 4.9 ஆனது. ட்ரைவை (வால்வுக்கு உள்ளே தரும் சிக்னலை) ஏற்றினால் ஒரு கட்டத்துக்கு மேல் பவர் ஏறாமல் நின்றதற்கு வால்வு தேய்ந்துவிட்டது என்று மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். தேய்ந்தது வால்வு இல்லை.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது வால்வைக் கழற்றி வையுங்கள். பிரைமரியில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் இருந்தால் அதையும் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். பல காலம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் ஆக்சைடு படலம் மறுபடி உருவாக இந்த மெதுவான ஏற்றம் வேண்டும். கையில் பிடிக்கும் மல்டிமீட்டரைக் கொண்டு 3,000 வோல்ட்டை ஒருபோதும் அளக்காதீர்கள். பெரும்பாலானவை 600 அல்லது 1,000 வோல்ட்டோடு சரி. நான் 400 வோல்ட்டில் நிறுத்தி, முன்பே கிளிப் போட்டு வைத்த மல்டிமீட்டரோடு முன்பலகை மீட்டரை ஒத்துப் பார்த்தேன். பிறகு நிறுத்தி, காலி செய்து, மல்டிமீட்டரைக் கழற்றிவிட்டு, மேலே போவதை முன்பலகை மீட்டரில் மட்டும் பார்த்தேன். அந்த மீட்டரின் ரெசிஸ்டரைப் பத்து துண்டுகளாகப் பிரித்திருக்கிறேன். மீட்டரின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. மீட்டர் உள்ளே அறுந்தாலும் முன்பலகைக்கு ஹெச்.டி. வராது.

புதிய பவர் சப்ளையில் சும்மா இருக்கும்போது 3,120 வோல்ட், 400 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 2,850. ட்ரான்ஸ்ஃபார்மரை ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகும் கை வைத்துப் பார்க்க முடிகிறது. அக்ரிலிக் பலகையில் பத்து கெபாசிட்டர்களுக்கும் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதியிருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் கவட்டைக் குச்சியால் அந்த வரிசையிலேயே, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொடுவேன்.